கிக்கர் இல்லாத வண்டி

எங்கள் அப்பாவுக்குத் தெரியாத விஷயம் என்று சுரங்க நகரியத்தில் நாங்கள் இருந்த பிளாக்கில் எதுவும் இருந்ததில்லை. எந்தச் சூப்பர்வைசர் எப்போது ரிடையர் ஆவார், எந்த வீட்டு முருங்கை ஏன் காய்க்கவில்லை, எதிர் குவார்ட்டர்ஸ்காரர் மகனுக்கு ஏன் கணக்கு வரவில்லை, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. கேட்காமலேயே கிடைக்கும். அப்பேர்ப்பட்டவரை அவர் வாங்கிய மோட்டார் சைக்கிளே ஒரு நாள் கேள்வி கேட்க ஆரம்பித்தது. அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலால்தான் என் தாய்மாமன் எங்கள் வீட்டை விட்டுப் போனார். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

அது கிக்கர் இல்லாத வண்டி. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் செல்ஃபில் கிளம்பிவிடும். காலால் உதைக்க மிதியே கிடையாது. எங்கள் வரிசையில் அப்படி வந்த முதல் வண்டி. வந்த அன்று எதிர் குவார்ட்டர்ஸ்காரர் லுங்கியோடு வந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர்.

"எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. கிக்கரை மட்டும் ஏனுங்க விட்டுட்டான்?" என்றார்.

"நீங்க இன்னும் மாட்டு வண்டி காலத்துலயே இருக்கீங்க சார்" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் ஆறு மாதம் கழித்து அதே மனிதர் முன்னால் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

மைன்ஸுக்குப் போய்வரும் வண்டி எந்த நிறத்தில் வாங்கினாலும் ஒரு வாரத்தில் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். நிலக்கரியின் பழுப்புத் தூள் மாவு மாதிரி எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும். அப்பாவுக்கு அது பிடிக்காது. பெர்மனென்ட் ஆளின் வண்டி கான்ட்ராக்ட் ஆளின் வண்டி மாதிரி நிற்கக் கூடாது என்பார். அதனால் தினமும் வண்டி கழுவுவது என் வேலையாயிற்று. தோட்டத்துக் குழாயில் ரப்பர் ஓஸை மாட்டி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். "இண்டு இடுக்கு விடாதே. ஹேண்டில் பக்கம் நல்லா பாய்ச்சு" என்று அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டிருப்பார். முடிந்ததும் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாருங்க சார், ஷோரூம்ல நிக்கற மாதிரி இல்ல? எல்லாம் நம்ம பொண்ணு." நான் வாங்கிய எந்த மார்க்குக்கும் அவர் யாரையும் கூப்பிட்டுக் காட்டியதில்லை. அந்த ஒரு வரிக்காக அந்தத் தெருவில் இருந்த எல்லா வண்டியையும் கழுவியிருப்பேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தெற்கே எங்கள் ஊரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவரை அம்மாதான் வரவழைத்து எங்களோடு வைத்துக்கொண்டாள். முன்னறையில் ஒரு மடக்குக் கட்டில், அதற்குக் கீழே ஒரு காக்கிப் பை. அவ்வளவுதான் அவர் சொத்து. பையில் ஸ்க்ரூ டிரைவர்களும் இரண்டு வயர் தொங்கும் ஒரு பல்பும் இருக்கும். எந்த வயரில் கரண்ட் வருகிறது, எதில் வரவில்லை என்று அந்த பல்பை வைத்தே சொல்லிவிடுவார். வடலூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் எடுபிடியாக இருந்தார். மைன்ஸில் ஜீப்புகளை ஓட்டும் கான்ட்ராக்டர் ஒருவருக்கு வயரிங் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. கான்ட்ராக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நகரியத்தில் வேலைக்குப் போக வேறு வழி கிடையாது. முதலில் யாராவது ஒரு வார்த்தை, பிறகு கான்ட்ராக்ட், அதிர்ஷ்டம் இருந்தால் என்றைக்காவது பெர்மனென்ட். அடுத்த திங்கள்கிழமை, அடுத்த திங்கள்கிழமை என்று அப்பா நான்கு திங்கள்கிழமைகளைத் தள்ளியிருந்தார். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தாள்.

சந்தோஷமாக இருக்கும்போது அப்பா மாமாவை "மாப்ள" என்பார். மற்ற நேரத்தில் பெயரே சொல்ல மாட்டார்.

ஒரு நாள் விடிகாலை ஐந்தேகாலுக்கு அப்பா முதல் ஷிப்டுக்குக் கிளம்பினார். பொத்தானை அழுத்தினார். வண்டி வாயைத் திறக்கவில்லை. ஹாரன் அடித்தது, லைட் பளிச்சென்று எரிந்தது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. அம்மாவும் மாமாவும் நானும் பின்னால் தள்ள, அப்பா இரண்டாவது கியரில் போட்டு ஓடி ஏறினார். தெருமுனையில் உறுமிக்கொண்டு கிளம்பியது. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்தபடி வேலியோரம் நின்றார்.

"கிக்கர் இருந்திருந்தா ஒரு மிதியில கிளம்பியிருக்குமுங்க" என்றார். குத்தலாகச் சொன்னாரா, இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பல நாள் ஒழுங்காகக் கிளம்பும், திடீரென்று ஒரு நாள் கழுத்தறுக்கும். இரண்டு தடவை ஷிப்டுக்குத் தாமதமானது. கேட்டில் பெயரை எழுதிக்கொண்டார்கள். அப்பா என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மெயின் ரோட்டு மெக்கானிக்கிடம் ஒரு சாயங்காலம் போனார். அவர் பொத்தானைத் தொட்டதுமே வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. மறுபடி அணைத்தார், மறுபடி ஸ்டார்ட் ஆனது. பத்துத் தடவை.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்க. தொட்டா எடுத்துகினுதான இருக்குது" என்றார். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுப்போவது மாதிரிதான்.

மாமா அப்படி விடுகிற ஆள் இல்லை. ஒரு நோட்டுத் தாளில் நாள் குறித்து, கிளம்பியதா இல்லையா என்று எழுதிக்கொண்டே வந்தார். எதையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்ட வேண்டும் என்பார். லைட் எரிகிறது, அதனால் கோளாறு பேட்டரியில் இல்லை. தள்ளினால் ஓடுகிறது, அதனால் பிளக்கிலும் இல்லை. சீட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ரிலே என்று ஒன்று இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் அதுதான் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும். கோளாறான நாளில் அதில் 'டிக்' சத்தமே வரவில்லை. ஒன்று ரிலே, இல்லாவிட்டால் அதற்கு முன்னால், கிளட்ச்சைப் பிடித்தால்தான் கரண்டை விடுகிற, ஹேண்டிலில் இருக்கிற கிளட்ச் சுவிட்ச். இவ்வளவையும் அவர் எனக்குத்தான் சொன்னார். வீட்டில் வேறு யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

நான்காவது வாரம் நோட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சிரித்தார்.

"பாப்பா, உங்கப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட் போற வாரம் மட்டும்தான் மக்கர் பண்ணுது. செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் வாரத்துல ஒரு நாள்கூட இல்ல. ஏன் சொல்லு?"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன்.

"மத்த வாரத்துல நீ காலையில கழுவுற. அவர் எடுக்கறதுக்குள்ள வெயில்ல நல்லா காயுது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்துல சாயங்காலம் ஆறு மணிக்குக் குழாய்ல தண்ணி வந்ததும் கழுவுற. விடியக்காலம் வரைக்கும் ஈரம். புதன்கிழமை தண்ணி வரல, நீ கழுவல. வியாழக்கிழமை கிளம்பிடுச்சு பாத்தியா? உன் குளிப்பாட்டல்தான்மா காரணம். ரெண்டு நாளைக்கு ஓஸ் பிடிக்காம இரு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எனக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே பெருமையை அவர் கோளாறு என்கிறார். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கழுவினேன். ஹேண்டிலுக்கு அடியில் ஓஸை வைத்து வேண்டுமென்றே பாய்ச்சினேன். மறுநாள் வண்டி கிளம்பவில்லை. நான் கழுவியதால்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமா சொன்னது பொய் என்று காட்டுவதற்காகக் கழுவியவளுக்கு எப்படித் தோன்றும்?

மாமா அதை அப்பாவிடமும் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தண்ணி உள்ள போற மாதிரி தெரியுது மச்சான். கொஞ்ச நாள் துணியால தொடச்சுப் பாக்கலாமா?"

"சரியாப் போச்சு. ஷோரூம்லயே கழுவித்தான்டா குடுக்கறான். கழுவினா கெட்டுப்போறதுக்கு அதென்ன கறிவேப்பிலையா?" என்றார் அப்பா. அவருக்கு வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஷிப்ட் வாரத்தில் வண்டி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடும். அந்த வாரங்களில்தான் மாமா அதை வாங்கிக்கொண்டு வடலூர் போய் ஆறு மணிக்குள் திரும்புவார். மாமா எடுக்கிற வாரம் மட்டும் வண்டி கெடுகிறது. அப்பாவும் சரியாகத்தான் கவனித்திருந்தார், அதுதான் கொடுமை.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா கடையிலிருந்து பழைய ரிலே ஒன்றைக் கொண்டுவந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டியிலிருந்ததைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுப் பழையதை மாட்டினார்.

"இது நல்லா வேலை செய்யற ரிலே. நாளைக்கு இதுலயும் கிளம்பலன்னா ரிலே மேல குத்தம் இல்லன்னு முடிவாயிடும். அப்புறம் கிளட்ச் சுவிட்ச் ஒண்ணுதான் பாக்கி. உங்கப்பா தூங்கறாரு, எழுந்ததும் சொல்லணும், ஞாபகப்படுத்து" என்றார். அப்பா எழுந்தபோது கடுகடுவென்றிருந்தார். மாமா சொல்லவில்லை. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை. அந்தக் குளிப்பாட்டல் பேச்சுக்குப் பிறகு அவரோடு நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது, கழுவினேன்.

சனிக்கிழமை விடிகாலை வண்டி கிளம்பவில்லை. மூன்றாவது தாமதம். ஷிப்ட் முடிந்து அப்பா நேராக மெக்கானிக்கிடம் போயிருக்கிறார். அங்கே அழுத்தியதும் கிளம்பியிருக்கிறது. இந்தத் தடவை மெக்கானிக் சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டார்.

அப்பா வந்து வாசலிலேயே நின்றார். கையில் அந்தப் பழைய ரிலே. "எங்க அவன்?" என்று கேட்ட குரலிலேயே எதிர் வரிசை முழுவதும் வெளியே வந்துவிட்டது.

"மெக்கானிக் கேக்கறான், 'கம்பெனி சாமானை யாரோ கழட்டிகினு பழசை மாட்டி இருக்காங்களே, வூட்ல யாருங்க'ன்னு. நான் யாருன்னு சொல்ல? என் பொண்டாட்டி தம்பின்னு சொல்லவா?"

மாமா உள்ளே ஓடிப் பையிலிருந்து நல்ல ரிலேயை எடுத்துவந்து நீட்டினார். "டெஸ்ட் பண்றதுக்கு மாத்தினேன் மச்சான். இது இருக்கு பாருங்க. விக்கறவன் வீட்டுலயா வெச்சிருப்பான்?"

"மாட்டிக்கிட்டதும் எடுத்து நீட்டுறான் பாரு. என் சோத்தைத் தின்னுட்டு என் வண்டியிலயே கை வைக்கிறான்."

"என்னங்க, அவன் அப்படிப்பட்டவன் இல்லங்க" என்று அம்மா குறுக்கே வந்தாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாப்பாகிட்டச் சொல்லிட்டுத்தான் மாத்துனேன். பக்கத்துலதான் நின்னா. கேளுங்க மச்சான்" என்றார் மாமா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர், அவர் மனைவி, அம்மா, எல்லோரும். அப்பா கேட்டார். "சொன்னானா?"

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் எந்தப் பதில் எழுதியிருந்ததோ அதை அப்படியே படித்தேன்.

"எனக்குத் தெரியாதுப்பா."

மாமா என்னைத் திட்டவில்லை. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ரிலேயை வண்டி சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்க் காக்கிப் பையை எடுத்துக்கொண்டார். அம்மா பின்னாலேயே போய்ச் சாப்பிட்டுவிட்டாவது போ என்று அழுதாள். "வேணாம்க்கா" என்றது மட்டும் கேட்டது. பஸ் நிறுத்தம் வரை நடந்தே போனார். நான் மாமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் கழுவுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றுகூட நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

திங்கள்கிழமை அப்பா கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னார். கை சுத்தமில்லாத பையன் என்று.

மூன்று வாரம் கழித்து மறுபடி முதல் ஷிப்ட் வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை வண்டி கிளம்பவில்லை. மாமா தெற்கே எங்கேயோ இருந்தார், வண்டியைத் தொட ஆளில்லை. அம்மாவும் நானும் தள்ளினோம். அந்த ஞாயிறு மத்தியானம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பா வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கிளட்ச் பிடிக்குக் கீழே எதையோ கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். சுண்டுவிரல் நகம் அளவுச் சாமான். அதிலிருந்து பழுப்பாக, ஈரமான களிமண் மாதிரி ஏதோ பிதுங்கியிருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. பிறகு துணியால் துடைத்து மாட்டினார். துணியைச் சுருட்டி வேலிக்கு வெளியே எறிந்தார்.

சாயங்காலம் நான் ஓஸை எடுத்தபோது அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இனிமே ஓஸ் வேணாம். பெயிண்ட் போயிடும். நானே துணியால தொடச்சுக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து அந்த வண்டி ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒரு காலை வேலியோரம் நின்று சொன்னார். "மச்சினன் போனதுக்கப்புறம் வண்டி சரியாயிடுச்சு போலங்க?"

அப்பா கிளட்ச்சைப் பிடித்தார், பொத்தானை அழுத்தினார். வண்டி கிளம்பியது. "பாத்தீங்கல்ல" என்றார்.

எனக்குச் சடங்கு வைத்தபோது மாமாவைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். தாய்மாமன் வந்து மாலை போட வேண்டிய இடத்தில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வந்து போட்டுவிட்டு போட்டோவுக்குச் சிரித்தார். அம்மா போட்டோவில் இல்லை. மாமா பிறகு வயரிங் வேலைக்கே போகவில்லை என்று கேள்விப்பட்டோம். திருப்பூரில் பனியன் பண்டல் கட்டுகிறார். ஊரில் ஒரு சாவில் அம்மாவைப் பார்த்தபோது, "அந்த வண்டி இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாராம். நல்லா இருக்குடா என்று அம்மா சொன்னாளாம். திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னபோது, "எனக்கே சந்தேகமாப் போச்சுடி, அவன் என்னதான் பண்ணினானோ" என்றாள். கூடப் பிறந்தவளே அப்படிக் கேட்கும்படி அந்த வண்டி அத்தனை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் அப்பா ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், வண்டியை விற்றுவிடலாம் என்றார். திருவதிகையிலிருந்து ஒரு பையன் பார்க்க வந்தான். நானும் அன்று வீட்டில் இருந்தேன்.

"செல்ஃபு காலையில ஒழுங்கா எடுத்துக்குதுங்களா? கிக்கர் வேற இல்ல, அதான் கேக்கறேங்க" என்றான்.

"தங்கமா எடுக்கும். ஒரே ஒரு விஷயம் தம்பி. ஹேண்டில் பக்கம் ஓஸ் வெச்சுத் தண்ணி பாய்ச்சாதீங்க. கரித்தூள் ஈரத்தோட கிளட்ச் சுவிட்ச் உள்ள போய்ச் சேறா அடைச்சுக்கும். காயற வரைக்கும் செல்ஃப் எடுக்காது."

"இதெல்லாம் எப்பங்க கண்டுபுடிச்சீங்க?"

"அப்பவே. வாங்குன மறு வருஷமே" என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகவே.

அம்மா காப்பித் தட்டோடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்பா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பையன் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்வரை காப்பி அங்கேயே ஆடை கட்டிக் கிடந்தது. அன்றிலிருந்து அவள் அப்பாவோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்பா ஓஸை வாங்கிக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். என் பொய் அவருக்குத் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தேன். அவர் வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டால் போதும், மாமா என்னிடம் சொன்னார் என்று சொல்லிவிடுவது என்று முடிவுகூடச் செய்திருந்தேன். பல நாள் காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கேட்டால் நான் எங்கே உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று அவரும் அதே நாட்களில் பயந்துகொண்டிருந்தார் என்பது பதினொரு வயதில் எனக்குப் புரியவில்லை.